பசுமை சுகூக்: ஒரு பத்திரம், இரண்டு சொத்துகள்

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் திருத்திய எழுத்து வடிவம். இடையில் பேசிய சில கிளைச் செய்திகளும் இறுதியில் நடந்த வினா விடையும் விடப்பட்டுள்ளன.)



“இஸ்லாமியப் பசுமைப் பத்திரங்கள்: ஆய்வுகளின் போக்கு” என்று எனக்குத் தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். இந்தத் துறையில் வந்துள்ள கட்டுரைகளை ஆண்டுவாரியாக அடுக்கிக் காட்டி நான் அமர்ந்துவிடலாம். அந்த வேலையை இன்று நூலகத்துத் தரவுத்தளங்களே செய்துவிடும். ஆகவே ஒரே ஒரு கருத்தை உங்கள் முன் வைத்து, அதற்காக வாதாட வந்திருக்கிறேன். பசுமை சுகூக்கைப் பற்றிய ஆய்வு, விலையைப் பார்த்த அளவுக்குச் சொத்தைப் பார்க்கவில்லை. சொத்தோடு பிணைந்திருக்க வேண்டும் என்ற விதியின் மேல் எழுந்த ஒரு நிதிக் கருவியை ஆராய்கிறவர்கள், அந்தச் சொத்து எங்கே இருக்கிறது, யாருடையது, என்ன ஆயிற்று என்று கேட்காமல் இருப்பது பெரிய குறை. அதைச் சரிசெய்யும் இடத்தில் இருப்பவர்கள் இந்த அரங்கில் அமர்ந்திருக்கும் இளைஞர்கள்.

1. பத்திரம் பசுமையான கதை

சுகூக் என்பதை வட்டியில்லாக் கடன் பத்திரம் என்று சொல்லிவிடுவது வழக்கம். அது பாதி உண்மைதான். பஹ்ரைனில் இயங்கும் ‘அயோஃபி’ என்ற தர நிர்ணய அமைப்பின் 17ஆவது ஷரீஅத் தரநெறி இதை எப்படி வரையறுக்கிறது தெரியுமா? ஒரு சொத்திலோ, அதன் பயன்பாட்டிலோ, ஒரு சேவையிலோ, ஒரு திட்டத்தின் உடைமைகளிலோ பிரிக்கப்படாத பங்குரிமையைக் குறிக்கும் சம மதிப்புள்ள சான்றிதழ்கள் அவை. முதலீட்டாளர் கையில் இருப்பது கடன் அன்று, உடைமையின் ஒரு பங்கு. அவருக்குக் கிடைப்பது வாடகை, அல்லது விற்பனை இலாபம், அல்லது திட்டத்தின் வருவாய். வட்டி விலக்கப்பட்டிருப்பதால் பணம் தானாகப் பணத்தை ஈன முடியாது. நடுவே ஒரு பொருள் இருந்தாக வேண்டும்.

பசுமைப் பத்திரம் வேறொரு வழியில் வந்தது. ஐரோப்பிய முதலீட்டு வங்கி 2007இல் காலநிலை விழிப்புணர்வுப் பத்திரம் ஒன்றை வெளியிட்டது. சுவீடன் ஓய்வூதிய நிதியங்களின் வேண்டுகோளையொட்டி உலக வங்கி 2008இல் தன் முதல் பசுமைப் பத்திரத்தைக் கொண்டுவந்தது. 2014இல் பசுமைப் பத்திரக் கோட்பாடுகள் உருவாயின. திரட்டிய பணம் எதற்குச் செல்லும், திட்டத்தை எப்படித் தேர்ந்தெடுப்பார்கள், பணத்தை எப்படித் தனியே கணக்கு வைப்பார்கள், எப்படி அறிக்கை தருவார்கள் என்ற நான்கு கேள்விகளுக்கான விடைதான் அதன் சாரம்.

இந்த இரண்டு வழிகளும் சந்தித்த இடம் நம் நாடான மலேசியா. 1990இல் ஷெல் எம்டிஎஸ் நிறுவனம் 12.5 கோடி ரிங்கிட்டுக்கு சுகூக் வெளியிட்ட காலத்திலிருந்தே மலேசியா இந்தத் துறையின் பயிற்சிக்களம். பங்குப் பத்திர ஆணையம் 2014 ஆகஸ்டில் நிலைத்த, பொறுப்புள்ள முதலீட்டு சுகூக்குக்கான சட்டகத்தை அறிவித்தது. அடுத்த ஆண்டு அரசு முதலீட்டு நிதியமான கசானா நேஷனல், பள்ளிகளுக்காக 10 கோடி ரிங்கிட் இஹ்சான் சுகூக்கை வெளியிட்டது. 2017 ஜூலையில் சபாவின் வடகோடியில் உள்ள கூடாட் பகுதியில் 50 மெகாவாட் சூரிய மின்நிலையத்துக்காகத் தாடாவ் எனர்ஜி 25 கோடி ரிங்கிட் திரட்டியது. உலகின் முதல் பசுமை சுகூக் அது. 2018 மார்ச்சில் இந்தோனேசிய அரசு 125 கோடி டாலருக்கு ஐந்தாண்டு பசுமை சுகூக் வெளியிட்டது. ஓர் அரசு வெளியிட்ட முதல் பசுமை சுகூக் என்ற பெயர் அதற்கு. அதன் பிறகு துபாயின் மஜித் அல் ஃபுத்தைம் குழுமமும் இஸ்லாமிய வளர்ச்சி வங்கியும் 2019இலும், சவூதி மின்சார நிறுவனம் 2020இலும் வந்து சேர்ந்தன. இந்த வரலாறு பல நூல்களில் கிடைக்கிறது, மேலே செல்கிறேன்.

2. ஆய்வாளர்கள் எங்கே போனார்கள்

முதலில் வந்தவை கருத்துநிலைக் கட்டுரைகள். படைப்பில் சமநிலை, பூமியில் மனிதனின் பொறுப்பு, வீண்விரயத்துக்குத் தடை ஆகிய கொள்கைகளைச் சொல்லி, பசுமை நிதி இஸ்லாத்துக்கு அந்நியமானதன்று என்று நிறுவியவை. 2015 ஆகஸ்டில் இஸ்தான்புல்லில் வெளியான காலநிலை மாற்றம் குறித்த இஸ்லாமியப் பிரகடனம் இவற்றுக்கு ஊக்கம் கொடுத்தது. தாடாவும் இந்தோனேசியாவும் வந்த பிறகு நாடு சார்ந்த விவரணைக் கட்டுரைகள் பெருகின. எந்தச் சட்டம் வந்தது, என்ன வரிச்சலுகை, யார் வாங்கினார்கள் என்று அவை பதிவு செய்தன. வெளி மதிப்பீட்டுக்கு ஆகும் செலவில் பெரும்பகுதியை மலேசிய அரசு 2018 முதல் மானியமாகக் கொடுத்தது போன்ற செய்திகளை நாம் அவற்றிலிருந்துதான் அறிகிறோம். பயனுள்ள வேலை அது.

அடுத்துப் புள்ளியியல் அலை எழுந்தது. பெருந்தொற்றுக் காலம் முதல் இன்றுவரை அதிகம் வருவது இந்த வகைதான். சுகூக், பசுமைப் பத்திரம், கச்சா எண்ணெய், தங்கம், கிரிப்டோ நாணயம், கார்பன் விலை ஆகிய குறியீடுகளை எடுத்துக்கொண்டு, ஒன்றின் அதிர்ச்சி இன்னொன்றுக்கு எவ்வளவு பாய்கிறது என்று அளக்கிறார்கள். டைபோல்டு, இல்மாஸ் இருவரும் வகுத்த தொடர்பளவு முறை, அலைப்பகுப்பு, காலத்தோடு மாறும் அளவுருக்கள் என்று கருவிகள் நாளுக்கு நாள் கூர்மையாகின்றன. இன்னொரு பக்கம் வினாப்பட்டியல் ஆய்வுகள். “பசுமை சுகூக் வாங்க விரும்புவீர்களா” என்று இளைஞர்களிடம், பெரும்பாலும் பல்கலைக்கழக மாணவர்களிடம், கேட்டு மனப்பாங்கு, சமூக எதிர்பார்ப்பு, சமயப் பற்று ஆகியவற்றின் பங்கை அளக்கிறவை. கடைசியாக, இந்தக் கட்டுரைகளையெல்லாம் எண்ணிப் பார்க்கும் நூலளவியல் கட்டுரைகள். எந்தச் சொல் எந்தச் சொல்லோடு வருகிறது, எந்த நாட்டிலிருந்து அதிகம் எழுதுகிறார்கள் என்று வண்ண வண்ணமாக வலைப்படம் வரைகிறார்கள்.

ஒவ்வொரு முறைக்கும் அதற்குரிய மதிப்பு உண்டு. கேள்வி எங்கிருந்து பிறந்தது என்பதே என் கவலை. தரவு எங்கே எளிதாகக் கிடைத்ததோ அங்கேதான் கேள்வி பிறந்திருக்கிறது. கட்டணம் கட்டினால் குறியீட்டு விலைகள் நாள்வாரியாக வந்து விழும், அதனால் விலை ஆய்வு. மாணவர்கள் வகுப்பிலேயே இருக்கிறார்கள், அதனால் விருப்ப ஆய்வு. கட்டுரைப் பட்டியலைச் சில நிமிடங்களில் தரவிறக்கலாம், அதனால் நூலளவியல். நீரோட்டம் பார்க்காமல் மண் இளகிய இடத்திலேயே கிணறு தோண்டுகிறோம்.

விளைவை ஓர் எடுத்துக்காட்டால் சொல்கிறேன். பசுமை சுகூக்குக்கென்று நீண்டகால நாள்விலைத் தொடர் கிடைப்பது அரிது. ஆகவே பல கட்டுரைகள் டவ் ஜோன்ஸ் சுகூக் குறியீட்டை ஒரு பக்கமும் எஸ் அண்ட் பி பசுமைப் பத்திரக் குறியீட்டை மறுபக்கமும் வைத்து, இரண்டுக்கும் உள்ள தொடர்பை அளந்து, பசுமை இஸ்லாமிய நிதியைப் பற்றி முடிவுரை எழுதுகின்றன. முதல் குறியீட்டில் இருப்பது பெரும்பாலும் பசுமையல்லாத சுகூக். இரண்டாவதில் இருப்பது பெரும்பாலும் இஸ்லாமியமல்லாத பத்திரம். பசுமை சுகூக்கைத் தொடாமலேயே பசுமை சுகூக் ஆய்வு முடிந்துவிடுகிறது! அதோடு, சுகூக்கை வாங்கும் இஸ்லாமிய வங்கிகளும் தகாஃபுல் என்ற இஸ்லாமியக் காப்பீட்டு நிறுவனங்களும் முதிர்வு வரை கையில் வைத்திருப்பதே வழக்கம். கைமாறுதல் குறைந்த சந்தையில் நாள்தோறும் தெரியும் விலை பல வேளைகளில் ஒப்பிட்டுக் கணித்த மதிப்புதான். அப்படிப்பட்ட எண்களின் மேல் எவ்வளவு நுண்ணிய கருவியை வைத்தாலும் கிடைக்கும் விடையை நான் முழுமையாக நம்பத் தயாராக இல்லை.

3. இரண்டு சொத்துகள்

இன்றைய பேச்சின் மையம் இதுதான். சற்றுப் பொறுமையாகக் கேட்க வேண்டுகிறேன்.

ஒரு பசுமை சுகூக்குக்குள் இரண்டு வாக்குறுதிகள் இருக்கின்றன. ஷரீஅத்துக்குக் கொடுத்த வாக்குறுதி ஒன்று: இந்த வருவாய் ஒரு சொத்திலிருந்து வருகிறது. பூமிக்குக் கொடுத்த வாக்குறுதி மற்றொன்று: இந்தப் பணம் ஒரு பசுமைத் திட்டத்துக்குச் செல்கிறது. முதல் வாக்குறுதிக்கு ஒரு சொத்து, இரண்டாவதற்கு ஒரு சொத்து. இரண்டும் ஒன்றுதான் என்று வாசகர் இயல்பாக எண்ணிக்கொள்கிறார். சுகூக் சொத்தோடு பிணைந்தது, ஆகவே பசுமைத் திட்டத்தோடும் தானாகவே பிணைந்திருக்கும், ஆகவே கண்துடைப்புக்கு அங்கே இடமில்லை என்ற வாதத்தை எத்தனையோ கட்டுரைகளின் முன்னுரையில் படித்திருக்கிறேன். ஆவணங்களைப் புரட்டிப் பார்த்தால் நிலைமை அப்படியில்லை. நான் மூன்று வகை காண்கிறேன்.

முதல் வகையில் இரண்டு சொத்தும் ஒன்றே. தாடாவ் சுகூக் இஸ்திஸ்னா, இஜாரா என்ற இரண்டு ஒப்பந்தங்களின் மேல் அமைந்தது. இஸ்திஸ்னா என்பது சொல்லிச் செய்விக்கும் ஒப்பந்தம், இஜாரா என்பது குத்தகை. கட்டப்படுவது சூரிய மின்நிலையம், குத்தகைக்குப் போவதும் அதுவே. முதலீட்டாளரின் வருவாயும் பூமிக்குச் செய்த வாக்குறுதியும் அதே கண்ணாடித் தகடுகளின் மேல் நிற்கின்றன. இந்தத் துறை பிறந்தபோது இந்த நல்ல வடிவத்தோடுதான் பிறந்தது.

இரண்டாம் வகையில் அவை பிரிந்து நிற்கின்றன. இந்தோனேசியாவின் பன்னாட்டு சுகூக் வகாலா என்ற முகவர் முறையில் அமைந்தவை. அவற்றின் அடிப்படைச் சொத்துத் தொகுப்பில் 51 விழுக்காடு அரசுக்குச் சொந்தமான நிலமும் கட்டடங்களும். எஞ்சிய 49 விழுக்காடு கட்டப்பட்டு வரும் அல்லது கட்டப்படவிருக்கும் திட்டங்கள். ஷரீஅத் வாக்குறுதியைத் தாங்கி நிற்பதில் பாதிக்கு மேல் அரசுக் கட்டடங்கள்தாம். பசுமை வாக்குறுதியோ வேறிடத்தில் இருக்கிறது. வட ஜாவா இருப்புப்பாதையின் இரட்டைத் தடம், புதுப்பிக்கத்தக்க எரிசக்தி, கழிவு மேலாண்மை, காலநிலைப் பாதிப்பு மிகுந்த பகுதிகளுக்கான தற்காப்பு என்று வரவு செலவுத் திட்டத்தில் குறியிடப்பட்ட செலவுகள் அவை. இதில் மோசடி ஒன்றும் இல்லை, எல்லாம் வெளிப்படையாகவே எழுதப்பட்டிருக்கிறது. ஆனால் சொத்துப் பிணைப்பு இங்கே பசுமைக்குக் காவல் நிற்கவில்லை. பசுமைக்குக் காவல் நிதியமைச்சின் கணக்கும் ஆண்டறிக்கையும்தான், எந்தச் சாதாரண பசுமைப் பத்திரத்துக்கும் இருப்பது போல. அந்த முதல் வெளியீட்டில் பாதியளவு பணம் முந்தைய ஆண்டுகளில் ஏற்கெனவே செலவான திட்டங்களுக்கு மறுநிதியாகப் போனது என்பதையும் அந்த அறிக்கையே சொல்கிறது. மறுநிதி தவறன்று. ஆனால் “இந்தப் பணம் வராவிட்டால் இந்தத் தண்டவாளம் போடப்பட்டிருக்காதா” என்ற கேள்வியை ஆய்வாளர் கேட்டே ஆக வேண்டும். நிலக்கரியே மின்சாரத்தின் முதன்மை மூலமாக இருக்கும் ஒரு நாட்டில் அது இன்னும் அவசரமான கேள்வி.

மூன்றாம் வகையில் ஷரீஅத் சொத்து ஒரு கணத்தில் வந்து மறைகிறது. முராபஹா, அதுவும் தவர்ருக் வழியாக அமையும் முராபஹா, நம் நாட்டில் பரவலானது. ஒருவர் ஒரு சரக்கை வாங்கி, இலாபம் சேர்த்துத் தவணைக்கு விற்கிறார்; அதை வாங்கியவர் உடனே மூன்றாம் ஆளிடம் ரொக்கத்துக்கு விற்றுவிடுகிறார். சரக்கு கைமாறி முடிந்ததும் எஞ்சுவது விற்பனைக் கடன். நம் நாட்டுச் சூரிய மின்திட்ட சுகூக் சிலவும் முராபஹா முறையில் அமைந்தவையே. இப்படிப்பட்ட கொடுக்கல் வாங்கலுக்காக புர்சா மலேசியா 2009இல் ‘சூக் அஸ்ஸிலா’ என்ற மின்சந்தையைத் தொடங்கியது. அங்கே தொடக்கம் முதல் முதன்மையாக விற்கப்படும் சரக்கு எது? செம்பனை எண்ணெய்.

இதை ஒரு கணம் எண்ணிப் பாருங்கள். தவர்ருக் வழி எழும் ஒரு பசுமை சுகூக்கின் பின்னால், சில நிமிடங்களுக்கு மட்டுமே என்றாலும், செம்பனை எண்ணெய் நிற்கக்கூடும். போர்னியோவிலும் சுமத்ராவிலும் காடு சுருங்கியதில் செம்பனைக்கு உள்ள பங்கு பல பத்தாண்டுகளாக விவாதிக்கப்படுவது. ரப்பர் தோட்டங்கள் செம்பனையாக மாறிய காலத்தில் லயங்களை விட்டு வெளியேறிய நம் குடும்பங்களுக்கு இந்தப் பயிரின் இன்னொரு வரலாறும் தெரியும். சரக்கு எந்தத் தோட்டத்திலிருந்து வந்தது, அந்தத் தோட்டத்துக்கு நிலைத்த உற்பத்திச் சான்று உண்டா என்று பசுமை மதிப்பீட்டாளர் கேட்பதில்லை, ஏனெனில் அவர் பார்ப்பது சூரியத் தகட்டை. ஷரீஅத் ஆலோசகரும் கேட்பதில்லை, ஏனெனில் எண்ணெய் ஹலாலானது, உடைமை முறையாகக் கைமாறிற்று, அவருக்கு அது போதும். இருவருக்கும் நடுவே கேள்வி விழுந்துபோகிறது. விழுந்த கேள்வியைக் குனிந்து எடுப்பது ஆய்வாளரின் கடமை என்று நான் கருதுகிறேன்.

இந்தச் சிக்கல் பசுமையோடு பிறந்ததன்று. பாகிஸ்தானின் மார்க்க அறிஞர் முஃப்தி தகீ உஸ்மானி 2007இல் அன்றைய சுகூக்கில் பெரும்பான்மை ஷரீஅத்தின் உண்மையான நோக்கத்துக்கு ஒத்துவரவில்லை என்று சொன்னார். முகமதிப்பிலேயே திரும்ப வாங்கிக்கொள்வதாக முன்கூட்டியே உறுதி கொடுத்துவிட்டால் அது கடனுக்குச் சமம் என்பது அவர் வாதம். அயோஃபி 2008 பிப்ரவரியில் விதிகளை இறுக்கியது. ஆனாலும் சந்தையில் புழங்கும் பல சுகூக்கில் வெளியிட்டவர் நொடித்துப் போனால் முதலீட்டாளருக்குச் சொத்தின் மேல் கைவைக்க உரிமை இல்லை, வெளியிட்டவர் மேல் கோரிக்கைதான் உண்டு. 2017இல் ஷார்ஜாவின் டானா கேஸ் நிறுவனம், தான் வெளியிட்ட 70 கோடி டாலர் சுகூக்கே சட்டப்படி செல்லாதது என்று வாதிட்டபோது சந்தை திடுக்கிட்டது. 2023 நவம்பரில் அயோஃபி வெளியிட்ட 62ஆவது தரநெறி வரைவு, சொத்தின் உடைமை உண்மையாகவே மாற வேண்டும் என்று வலியுறுத்தியது. வெளியிடுவோர் தரப்பில் எழுந்த கவலை சிறிதன்று. இந்த விவாதத்தை ஷரீஅத் துறையார் மட்டும் நடத்திக்கொண்டிருக்கிறார்கள். பசுமை நிதி ஆய்வாளர் இதைத் தன் விவாதமாக எண்ணுவதில்லை. உடைமை உண்மையாக மாறினால், முதலீட்டாளருக்குத் தம் சொத்தின் நிலை என்னவென்று கேட்கும் உரிமையும் தேவையும் வரும். பசுமைக்குக் கிடைக்கக்கூடிய வலுவான காவல் அதுதான். அதனாலேயே இவ்விரண்டு துறைகளும் ஒரே மேசைக்கு வர வேண்டும் என்கிறேன்.

4. விலை குறித்து

பசுமை என்ற பெயருக்காக முதலீட்டாளர் குறைந்த ஈட்டத்தை ஏற்கிறாரா என்பது சந்தையார் விரும்பும் கேள்வி. பொதுவான பசுமைப் பத்திரங்களில் ஒலிவியே டேவிட் செர்பிப் 2019இல் கண்டது ஏறக்குறைய 2 அடிப்படைப் புள்ளி வேறுபாடு. லார்க்கர், வாட்ஸ் இருவரும் 2020இல் அமெரிக்க நகராட்சிப் பத்திரங்களில் பார்த்தபோது வேறுபாடு ஏறத்தாழ ஒன்றுமேயில்லை. 2 அடிப்படைப் புள்ளி என்றால் 100 கோடி ரிங்கிட்டுக்கு ஆண்டுக்கு 2 லட்சம் ரிங்கிட். மதிப்பீட்டாளருக்கும் அறிக்கைக்கும் ஆகும் செலவோடு ஒப்பிட்டால் இது ஒரு நிறுவனத்தின் மனத்தை மாற்றும் தொகையன்று. சுகூக்கில் இந்த வேறுபாட்டைத் தேடுகிறவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். முராபஹா சுகூக் கடனைக் குறிப்பதால், முகமதிப்பு அல்லாத விலைக்கு அதை விற்பதை வளைகுடா அறிஞர் பலர் ஏற்பதில்லை. நம் நாட்டு அறிஞர்கள் ஏற்கிறார்கள். ஆகவே ஒப்பந்த வகையைப் பிரிக்காமல் எல்லாப் பசுமை சுகூக்கையும் ஒரே கூடையில் போட்டு விலை ஒப்பிட்டால், பசுமையின் விலையை அளக்கிறோமா ஒப்பந்தத்தின் விலையை அளக்கிறோமா என்பது தெரியாமல் போகும்.

5. நோக்கமும் தீங்கும்

கருத்துநிலைக் கட்டுரைகளில் அடிக்கடி வருவது ஷரீஅத்தின் நோக்கங்கள், அதாவது மகாஸித். மார்க்கம், உயிர், அறிவு, வழித்தோன்றல், செல்வம் ஆகிய ஐந்தையும் காப்பது ஷரீஅத்தின் நோக்கம் என்று இமாம் கஸ்ஸாலி வகுத்தார். சுற்றுச்சூழலை ஆறாவதாகச் சேர்க்க வேண்டுமா, ஐந்தையும் தாங்கும் தரையாக அதைக் கொள்ள வேண்டுமா என்று இன்றைய அறிஞர்கள் விவாதிக்கிறார்கள். நல்ல விவாதம் அது. நான் வருந்துவது ஒன்றுக்குத்தான். இந்த ஐந்தையும் வைத்து எந்தத் திட்டத்தையும் நியாயப்படுத்திவிட முடிகிறது. அணை கட்டினால் உயிர் காக்கப்படும், செல்வம் பெருகும் என்று எழுதிவிடலாம். அந்த அணையால் நிலமிழந்தவரின் உயிரும் செல்வமும் அதே ஐந்தில் அடங்கும் என்பதை எழுத மறந்துவிடுகிறோம்.

தீங்கை விலக்குவது நன்மையை ஈட்டுவதைவிட முற்பட்டது என்பது ஃபிக்ஹு என்னும் இஸ்லாமியச் சட்டவியல் மரபின் அடிப்படை விதிகளுள் ஒன்று. பசுமை நிதியின் ஆய்வு இதைக் கையிலெடுத்தால் அதன் முகமே மாறும். இன்றைய ஷரீஅத் வடிகட்டல் மது, பன்றி இறைச்சி, சூதாட்டம், வட்டி ஆகியவற்றை விலக்குகிறது. புகையைக் கக்கும் தொழிலை அது விலக்குவதில்லை. சவூதி அரம்கோ 2021இல் 600 கோடி டாலர் சுகூக் வெளியிட்டது, ஷரீஅத் விதிகளின்படி அதில் குறை சொல்ல முடியாது. வளைகுடாவில் பசுமை சுகூக்கை வாங்கும் பணத்தின் ஊற்றுக்கண்ணும் எண்ணெய்தான். இதைச் சொல்வது யாரையும் புண்படுத்த அன்று. ஹலால் என்று முத்திரையிட்டால் போதுமா, தீங்கு விளைவிக்காதது என்றும் காட்ட வேண்டுமா என்ற கேள்வியை மார்க்க அறிஞர்களும் பொருளியலாளரும் சேர்ந்து எதிர்கொள்ள வேண்டும். மேய்ச்சல் நிலங்களையும் நீர்நிலைகளையும் பொதுவில் ஒதுக்கிக் காத்த ‘ஹிமா’ முறை அரேபிய மண்ணில் நூற்றாண்டுகள் நடைமுறையில் இருந்தது. தீங்குக்கு எல்லை கட்டுவது இந்த மரபுக்குப் புதிதன்று.

2024இல் பன்னாட்டு மூலதனச் சந்தைச் சங்கமும் இஸ்லாமிய வளர்ச்சி வங்கியும் லண்டன் பங்குச்சந்தைக் குழுமமும் சேர்ந்து பசுமை, சமூக, நிலைத்த சுகூக்குக்கான வழிகாட்டியை வெளியிட்டன. பசுமை நிதி, இஸ்லாமிய நிதி என்ற இரண்டு உலகங்களும் ஒரே ஆவணத்தில் பேசத் தொடங்கியிருப்பதை நான் மனமார வரவேற்கிறேன்.

6. களத்துக்குப் போக வேண்டிய வேலைகள்

ஆய்வு மாணவர்களே, இனி உங்களிடம் நேராகப் பேசுகிறேன். நான் சொன்ன மூன்று வகைப் பாகுபாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். இதுவரை வெளியான ஒவ்வொரு பசுமை சுகூக்கின் ஆவணத்தையும் படித்து, ஷரீஅத் சொத்தும் பசுமைச் சொத்தும் ஒன்றா, வேறா, மறைந்துபோனதா என்று குறியுங்கள். நம் நாட்டு வெளியீடுகளின் தகவல்கள் பிக்ஸ் மலேசியா தளத்தில் பொதுமக்களுக்குத் திறந்திருக்கின்றன. கணினி ஓட்டிச் செய்யும் வேலையன்று இது, உட்கார்ந்து படிக்கும் வேலை. படித்து முடித்த பின் கேளுங்கள்: இரண்டும் ஒன்றாக இருக்கும் சுகூக்கில் ஆண்டறிக்கை தரமாக இருக்கிறதா? பிரிந்திருப்பவற்றில் தளர்கிறதா? என் ஊகம் ஆம் என்பது. ஊகத்தை நீங்கள் உடைத்தாலும் எனக்கு மகிழ்ச்சியே.

அடுத்தது, சான்றின் ஆயுள். நார்வேயின் சிசெரோ ஆய்வு மையம் தாடாவுக்கு அடர்பச்சை என்றும் இந்தோனேசியச் சட்டகத்துக்கு நடுத்தரப் பச்சை என்றும் மதிப்பீடு தந்தது. இரண்டும் பணம் திரட்டும் முன் தரப்பட்ட மதிப்பீடுகள். ஷரீஅத் ஆலோசகரின் ஒப்புதலும் அப்படியே தொடக்கத்தில் வருகிறது. குழந்தை பிறந்தபோது இரண்டு சான்று, வளர்ந்தபின் பார்க்க வருகிறவர் குறைவு. கூடாட்டில் அந்த நிலையம் சொன்ன அளவு மின்சாரம் தந்ததா? சபாவின் மின்வெட்டு அதனால் குறைந்ததா? அங்கே வேலை பெற்றவர் யார்? நேரில் சென்று கேட்ட ஆய்வு ஒன்றேனும் தமிழிலோ மலாயிலோ எழுதப்பட வேண்டும்.

வக்ஃபு என்ற இஸ்லாமிய அறக்கொடை பற்றிய ஓர் எடுத்துக்காட்டையும் சொல்ல வேண்டும். ஓர் அறக்கட்டளையின் பேரில் நிற்கும் இந்த மேடையில் அதைச் சொல்வது பொருத்தம். 2020இல் இந்தோனேசியா ரொக்க வக்ஃபை அரசு சுகூக்கோடு இணைத்தது. கொடையாளர் கொடுத்த தொகை, 5,000 கோடி ரூபியாவுக்குச் சற்று மேல், ஐந்தாண்டு சுகூக்கில் இடப்பட்டது. வந்த பயன் பாந்தன் மாநிலத்தின் செராங் நகரில் உள்ள அக்மத் வார்டி வக்ஃபுக் கண் மருத்துவமனைக்குப் போனது. விழித்திரை, கண்ணழுத்த நோய்ச் சிகிச்சைப் பிரிவுக்கும், ஏழைகளின் கண்புரை அறுவைக்கும். தொகை சிறியது, பசுமைப் பெயரும் அதற்கு இல்லை. இருந்தும் நான் கேட்ட கேள்விக்கு அங்கே விடை இருக்கிறது. பணம் போன இடம் ஒரு கட்டடம், அதன் முகவரி தெரியும், உள்ளே சிகிச்சை பெற்றவர்களை எண்ண முடியும். நம் இஹ்சான் சுகூக்கில் இன்னும் துணிச்சலான ஓர் ஏற்பாடு உண்டு. பள்ளிகள் குறித்த இலக்குகள் நிறைவேறினால் முதலீட்டாளருக்குத் திரும்புவது குறையும். நன்மை நடந்தால் எனக்குக் கொஞ்சம் குறையட்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதிக் கையொப்பமிட்டார்கள். நீரும் காடும் சார்ந்த சுகூக்குக்கு இப்படியோர் ஏற்பாட்டை யாராவது வடிவமைத்துக் காட்டக் கூடாதா?

இந்தோனேசியா 2019 நவம்பரில் பொதுமக்களுக்கான பசுமை சுகூக்கையும் கொண்டுவந்தது. குறைந்தது 10 லட்சம் ரூபியா இருந்தால் வாங்கலாம். 1.46 லட்சம் கோடி ரூபியா திரண்டது. வாங்கியவர்களிடம் “ஏன் வாங்கினீர்கள்” என்று கேட்டுவிட்டோம். “வாங்கியபின் உங்கள் பணம் எங்கே போனதென்று யாராவது உங்களுக்குச் சொன்னார்களா” என்றும் இனிக் கேட்க வேண்டும்.

முனைவர் பட்டத்துக்குத் தலைப்புத் தேடுகிறவருக்கு ஒன்று கொடுத்து முடிக்கிறேன். 2018 மார்ச்சில் வெளியான அந்த 125 கோடி டாலர் சுகூக் 2023இல் முதிர்ந்துவிட்டது. சட்டகம், வெளி மதிப்பீடு, வெளியீட்டு ஆவணம், ஆண்டறிக்கைகள் எல்லாம் பொதுவெளியில் கிடைக்கின்றன. வட ஜாவாவில் இரட்டைத் தடத்தில் இரயில் ஓடுகிறது. ஓர் அரசின் பசுமை சுகூக் பிறந்து வாழ்ந்து முடிந்த முழுக் கணக்கையும் ஒருவர் உட்கார்ந்து எழுத வேண்டும். அதற்கு இந்தோனேசிய மொழி கற்க வேண்டும், இருப்புப்பாதைத் துறையின் கோப்புகளைக் கேட்டுப் பெற வேண்டும், பாதையோரத்து ஊர்களில் நடக்க வேண்டும். மூன்று ஆண்டுகள் பிடிக்கும். நம்மிடம் மலாய் தெரிந்த மாணவர்கள் இருக்கிறார்கள், முதல் தடை பாதி கடந்தாயிற்று. ஆர்வமுள்ளவர்கள் இந்த அமர்வு முடிந்ததும் என்னை வந்து பாருங்கள், என்னிடம் உள்ள ஆவணங்களைத் தருகிறேன்.